ராட்சசனுக்கு ஷிப்ட் எப்போது முடியும்?

"அவனுக்கு எத்தினி மணிக்கு ஷிப்ட்டு முடியும்?" என்று அண்ணி கேட்டபோது என் கையில் சீட்டுகள் போட்ட டம்ளர் இருந்தது. அவள் கேட்டது கோட்டை வாசலில் காவல் நின்ற ராட்சசனைப் பற்றி. அவன் என் நோட்டில் மட்டுமே இருந்தவன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். உடன் படித்தவளின் மாமா கப்பலில் வேலை பார்த்தவர். அவர் கொண்டுவந்த ஆங்கில விளையாட்டுப் புத்தகம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு வேடம் ஏற்று, தாங்கள் என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதைப் பகடை முடிவு செய்யும். இருபது முகப் பகடைக்கு அம்பத்தூரில் எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதி டம்ளரில் போட்டேன்; பெரிய எண் வந்தால் பலிக்கும், சின்ன எண் வந்தால் பலிக்காது. ஞாயிறு மதியம், கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு ஆட்டம் தொடங்கும். ஆடுபவர்கள் இரண்டு பேர்: என் அண்ணன் மனைவி, அவளோடு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் சுவிட்சுகளுக்குத் திருகு முடுக்கிய பக்கத்து வீட்டு அக்கா. இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தப் புத்தகத்தைப் பிரிக்கும்போது முதுகு தானாக நிமிரும்.

ராட்சசனோடு சண்டை வரும் என்று மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியிருந்தேன். அவர்கள் வாளை உருவவே இல்லை. ஷிப்ட் மாறும்போது கேட்டில் ஆள் இருக்காது, நுழைந்துவிடலாம் என்றாள் அக்கா. அவனுக்கு ஷிப்ட்டே கிடையாது, எப்போதும் நிற்பான் என்றேன்.

"ஒண்டியாவா? துன்றதுக்குக் கூட போவ மாட்டானா? எங்க சூப்ரவைசரே தேவலாம்மே" என்றாள் அண்ணி.

போக மாட்டான் என்று புத்தகத்திலேயே இருக்கிறது என்றேன். அப்படி எதுவும் இல்லை.

"எங்க போட்டுக்கீது, காட்டு."

ஏதோ ஒரு வரியில் விரலை வைத்தேன். அவள் தாளையும் என் முகத்தையும் பார்த்துவிட்டுச் சீட்டு எடுத்தாள். மூன்று. ராட்சசன் அடித்ததில் அவள் வேடம் செத்துப்போனது.

அடுத்த ஞாயிறு துணி துவைக்க இருக்கிறது என்று அண்ணி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் துணிதான். ஆட்டம் நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரிச் சீட்டோ கம்பெனித் தாளோ, எது வந்தாலும் அவள் என்னிடம்தான் படிக்கக் கொடுப்பாள். அந்த வாரம் கம்பெனியில் கொடுத்த தாளை மடித்து எடுத்துக்கொண்டு, தெருக்கோடி மருந்துக் கடைக்காரரிடம் போனாள்.

துவைக்கும் கல்லருகே போய் உட்கார்ந்தேன். "அண்ணி, புக்குல அப்டி போடல. நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள், கையை நிறுத்தாமல். "படிக்கிறப்போ உன் கண்ணு எழுத்து மேல ஓடும். அன்னிக்கு எம் மூஞ்சியவே பாத்துகினு இருந்த."

புடவையைப் பிழிந்து உதறிவிட்டு அவளே கேட்டாள்: "அப்போ அவன் துன்னப் போவானா, மாட்டானா?"

போவான் என்றேன். எங்கே போவான், யார் சமைத்துப் போடுவார்கள், திரும்பிவர எவ்வளவு நேரமாகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதுவும் என் நோட்டில் இல்லை. அவளோடு சேர்ந்து எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. செத்தது செல்லாது என்று அந்தக் கல்லருகிலேயே முடிவானது. உள்ளே போனவள் மடித்த தாளோடு வந்தாள். மருந்துக் கடைக்காரர் சரியாகத்தான் சொன்னாரா, பார் என்று நீட்டினாள்.

இன்றும் அண்ணிக்கு வரும் தாள்களை நான்தான் படித்துச் சொல்கிறேன். அவள் தாளைப் பார்ப்பதில்லை. படித்து முடிக்கும்வரை என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.