பேலன்ஸ் பார்த்த காசு

மேனேஜர் சார், நீங்கள் பொய் சொன்னீர்கள். தெரியாமல் சொன்னீர்களா, தெரிந்தே சொன்னீர்களா என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் பொய்யால் என் தம்பி என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனான்.

உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. அரியலூர் சிமெண்ட் ஃபேக்டரிகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். பெரம்பலூரில் உங்கள் பேங்கில்தான் எனக்குக் கணக்கு. 2005ஆம் வருஷம், மலேசியாவில் கட்டட வேலைக்குப் போயிருந்த என் தம்பி சாரத்திலிருந்து கீழே விழுந்தான். இடுப்பு எலும்பும் ஒரு காலும் நொறுங்கிவிட்டன. முதலாளி ஒருமுறை வந்து எட்டிப்பார்த்ததோடு சரி. இங்கிருந்து அனுப்பிவைத்த ஏஜெண்ட் போனையே எடுக்கவில்லை. பில்லைக் கட்டிவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பாஸ்போர்ட் இருந்தது எனக்கு மட்டும்தான். துபாயில் டிரைவர் வேலை என்று எப்போதோ ஆசைப்பட்டு எடுத்தது. போகாமல் டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

புறப்படுவதற்கு முன்னால் உங்கள் ரூமுக்கு வந்தேன். தம்பியின் மனைவியும் வந்திருந்தாள். பாடாலூரில் கம்மலை அடகு வைத்து, அந்தப் பணத்தை என் கணக்கில் போட வந்தவள். நீங்கள் எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டேதான் கேட்டேன்.

"சார், இந்த ஏடிஎம் கார்டு மலேசியாவுல வேல செய்யுங்களா?"

"உலகம் பூரா செய்யும்யா. கார்டுல படம் போட்டிருக்கு பாரு."

"எடுக்கறப்ப எதாச்சும் புடிப்பாங்களா சார்?"

நீங்கள் சிரித்தீர்கள். ஃபைலோடு நின்ற கிளார்க்கைப் பார்த்து, "லாரிக்காரனுக்கு எங்க போனாலும் செக்போஸ்ட் ஞாபகந்தான்" என்றீர்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் எரிகிறது. பிறகு சொன்னீர்கள்: "உன் காச நீ எடுக்கறதுக்கு எவன்யா புடிப்பான்? நம்ம டவுன்ல எடுக்கற மாதிரிதான். ஒரு பைசா போவாது."

இதைத் தம்பியின் மனைவி தன் காதால் கேட்டாள். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

கோலாலம்பூரில் எங்கள் பக்கத்துப் பையன்கள் தங்கியிருந்த ஒரு ரூமில் எனக்கும் படுக்க இடம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கடை வரிசை, அதன் கோடியில் ஏடிஎம். கையில் மொத்தமாக வைத்துக்கொள்ளாதே, பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று ரூமில் சொன்னதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்தேன். தம்பிக்கு மருந்து, எனக்குச் சாப்பாடு, பஸ். எடுக்கும் முன் பேலன்ஸ் பார்ப்பேன். எடுத்த பின்னும் பார்ப்பேன். பெரம்பலூரில் கார்டு வந்த நாளிலிருந்து எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான் பண்ணுவோம். மிஷினை எவன் நம்பினான்?

ஊரிலிருந்து பணம் மொத்தமாக வரவில்லை. தங்கை வீட்டுக்காரர் வெங்காயம் விற்ற காசு ஒருநாள் வந்தது. சித்தப்பா சீட்டு எடுத்துப் போட்டது இன்னொரு நாள். சிறுவாச்சூரில் டீக்கடை வைத்திருக்கும் பெரியம்மா மகன் போட்டது வேறொரு நாள். ஒவ்வொருவரும் போட்ட கையோடு போன் பண்ணுவார்கள்.

"போட்டாச்சு மச்சான். வந்துருச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் பக்கம் மொய் எழுதினால் பெயரையும் தொகையையும் மைக்கில் சொல்லுவார்கள். ஒருவர் பெயர் விட்டுப்போனால் அடுத்த விசேஷத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஆள் வராது. கஷ்டத்துக்குக் கொடுத்தவனுக்கும் அந்த மரியாதையைச் செய்ய வேண்டும். அதனால் ஓடிப்போய் மிஷினில் பார்ப்பேன். வரவில்லை என்றால் சாயங்காலம் மறுபடி பார்ப்பேன். வந்ததும் போன் கார்டு வாங்கிக் கூப்பிட்டு, "வந்துருச்சு மாப்ள, நல்லாருப்பீங்க" என்பேன். அப்படிப் பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் நீங்கள் காசு பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கொடுத்தவனுக்கு நன்றி சொன்னதற்கு வரி.

எனக்கு எப்படித் தெரியும்? மிஷின் சீட்டில் ரிங்கிட்டில்தான் போட்டிருக்கும். நான் மனதில் வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே எப்போதும் இருந்தது. ரூமில் இருந்தவனிடம் காட்டினேன். "ரேட்டு தெனம் மாறும்ணே, அதா இருக்கும்" என்றான். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பில்லைக் கட்டுவது, சனிக்கிழமை காலை விமானம் ஏறுவது என்று முடிவு செய்து டிக்கெட் போட்டோம். மலிவான டிக்கெட், தேதி மாற்ற முடியாது. ரூம் பையன்கள் வந்து தம்பிக்குச் சவரம் செய்துவிட்டுப் புதுச்சட்டை போட்டுவிட்டார்கள். "ஊருக்குப் போய் மொதல்ல என்னடா பண்ணுவ?" என்று ஒருத்தன் கேட்டான். "எங்கண்ணன் லாரியில முன்சீட்டுல ஒக்காந்து அரியலூர் வரைக்கும் போவேன்" என்றான் தம்பி.

அந்த வெள்ளிக்கிழமை மிஷின் பணம் தரவில்லை. போதுமான இருப்பு இல்லை என்று சீட்டைத் துப்பியது. தொகையைக் குறைத்துக் குறைத்துப் போட்டு இருந்ததை எல்லாம் வழித்து எடுத்தேன். பில்லுக்குக் கொஞ்சம் குறைந்தது. பெரிய தொகை இல்லை சார். நீங்கள் குடும்பத்தோடு திருச்சியில் ஓட்டலுக்குப் போனால் ஆகும் செலவு இருக்கலாம். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் நல்ல மாதிரிதான். "முழுசா கட்டணும் அண்ணன். கொஞ்சம் கொறைஞ்சாலும் கம்ப்யூட்டர் விடாது. நான் என்ன செய்ய?" என்றாள்.

ரூம் பையன்கள் வேலை முடிந்து வந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்ப்பதற்குள் கவுண்டர் மூடிவிட்டது. திங்கட்கிழமைதான் திறப்பார்கள். விமானம் எங்களை விட்டுவிட்டுப் போனது. புதுச்சட்டையோடு படுத்திருந்த தம்பியிடம், "திங்கக்கெழம போலாம்டா" என்றேன். "ஏண்ணே?" என்றான். "காசு கொறையுது." அவன் புதுச்சட்டையின் பட்டன்களைக் கழற்ற ஆரம்பித்தான்.

காசு எங்கே என்று கேட்டது அவன் மனைவிதான். போனில் அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"நாங்கல்லாம் போட்டது எங்க போச்சு மாமா?"

"தெரியலம்மா. பேங்குல புடிச்சிருப்பானுங்க."

"நானும் பக்கத்துல நின்னுகிட்டுதான இருந்தேன்? ஒரு பைசா புடிக்க மாட்டோம்னு அந்த சார் சொன்னாருல்ல?"

மறு டிக்கெட்டுக்கும் கூடிப்போன பில்லுக்கும் அவள் கறவை மாட்டை விற்றாள். அந்த மாடுதான் அவர்களுக்குச் சோறு.

தம்பியைக் கொண்டுவந்து சேர்த்த பிறகு உங்களிடம் வந்தேன். பாஸ்புக்கில் பிரிண்ட் போட்டுப் பார்த்தீர்கள். அப்போது எவ்வளவு தெளிவாகச் சொன்னீர்கள்! எடுப்பதற்குச் சார்ஜ் உண்டு, பேலன்ஸ் பார்ப்பதற்கு உண்டு, பணம் இல்லாமல் மிஷின் திருப்பி அனுப்பினால் அதற்கும் உண்டு, ரிங்கிட்டை ரூபாயாக மாற்றுவதற்குத் தனியாக உண்டு.

"அன்னிக்கு ஒரு பைசா போவாதுன்னு சொன்னீங்களே சார்?"

"நான் எப்பய்யா சொன்னேன்? கார்டோட குடுத்த புக்குல எல்லாம் போட்டிருக்கு. படிக்கணும்."

"அது இங்கிலீஷ்ல இருக்குதுங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. இத்தனையும் பேங்க் பிடித்தது, இவன் எடுத்ததில்லை என்று ஒரு பேப்பரில் எழுதி சீல் வைத்துத் தாருங்கள், வீட்டில் காட்ட வேண்டும் என்றுதான் கேட்டேன். "அப்படில்லாம் எழுதித் தர முடியாது. அதான் பாஸ்புக்ல இருக்கே, அதக் காட்டு" என்றீர்கள்.

காட்டினேன். உங்கள் பாஸ்புக்கில் நான் எடுத்ததும் நீங்கள் பிடித்ததும் ஒரே மாதிரிதான் இருக்கிறது சார். எல்லாம் ஏடிஎம், எல்லாம் பற்று. தங்கை வீட்டுக்காரர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். "யப்பா, எத்தினி தடவ எடுத்திருக்காரு! மலேசியாவுல மச்சானுக்கு நல்ல செலவு போல" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சின்னத் தொகைகளாக இருக்கின்றனவே, இவ்வளவு சின்னதாக மிஷினில் எடுக்க முடியுமா என்று நான் கத்தினேன். கத்துகிறவன் பேச்சை யார் கேட்பது?

எங்கள் பக்கத்தில் பண விஷயத்தில் சந்தேகம் வந்தால் போலீசுக்குப் போக மாட்டோம். சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போவோம். குற்றம் சாட்டப்பட்டவன் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை கூட்டத்துக்கு நடுவில் ஈர வேட்டியோடு நின்று, தம்பி காசில் ஒரு ரூபாய்கூட நான் தின்னவில்லை என்று கற்பூரத்தை அடித்தேன். கை சுட்டது. திரும்பியபோது தம்பியின் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் தங்கை வீட்டுக்காரர் யாரிடமோ, "சத்தியம் பண்ணிட்டாரு, சரி. பேங்கு கணக்கு சாமிக்குப் புரியுமா?" என்றார்.

புரியாது சார். அது உங்களுக்குத்தான் புரியும்.

தம்பியின் காலில் இருந்த புண் ஆறவில்லை. திருச்சி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். அந்த மூன்று நான்கு நாள் தாமதத்தால்தான் ஆறாமல் போனது என்று நான் சொல்ல மாட்டேன், எந்த டாக்டரும் சொல்லவில்லை. கடைசியில் வீட்டிலேயே கிடந்தான். லோடு இறக்கிவிட்டு வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து என் கையைப் பிடித்தான். நல்ல மாதிரியாகத்தான் பேசினான்.

"அண்ணே, எடுத்திருந்தா சொல்லிடுண்ணே. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். எனக்காக அங்க வந்து கெடந்த. ஒனக்கும் செலவு இருந்திருக்கும்."

"டேய், நான் எடுக்கலடா."

"சரிண்ணே, சரிண்ணே. விடு."

என்னை மன்னித்துவிட்டான் சார். நான் செய்யாததற்கு. அதைவிட அவன் என்னைக் காறித் துப்பியிருக்கலாம். சில நாட்களில் போய்விட்டான். லாரியின் முன்சீட்டில் அவன் உட்காரவே இல்லை. பாடைக்கு நான் ஒரு பக்கம் தோள் கொடுக்கப் போனபோது, "அவர வேணாம்னு சொல்லுங்க" என்று அவன் மனைவி சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். அடுத்து வந்தவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். மேலே எழுதிப் போட்டேன், பதில் இல்லை. இனி எந்தப் பதில் வந்தாலும் தம்பி கேட்கப்போவதில்லை. அவன் மனைவி நம்புவாள் என்ற எண்ணமும் எனக்குப் போய்விட்டது.

ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் பெரம்பலூருக்கு பஸ் இருக்கிறது. ஒரு திங்களோ வெள்ளியோ சிறுவாச்சூருக்கு வாருங்கள். நான் நின்ற இடத்திலேயே, என் தம்பியின் மனைவிக்கும் என் சொந்தக்காரர்களுக்கும் முன்னால் நில்லுங்கள். ஒரு பைசா போகாது என்று அன்று சொன்னீர்களா, இல்லையா? கற்பூரத்தை அடித்து, எல்லாரும் கேட்கும்படி சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.