அன்புக்குக் கைமாறு

நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போதெல்லாம் மார்ட்டின் ‘தேங்க் யூ’ சொல்கிறார். ஒன்றாக வாழத் தொடங்கிய புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். இலங்கையில், ஆலங்குடாவில் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உம்மா நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்திருப்பார். இங்கிலாந்தில், வாங்கிய கை பதிலுக்கு ஒன்றும் கொடுக்காமல் சும்மா இருக்கக் கூடாது என்பது ஒரு சட்டத்தரணியின் முன் கதிரையில் இருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் நிக்காஹ் செய்துகொள்ளவில்லை. இதை அறியாமலே வாப்பா மவுத்தாகிவிட்டார். அது எனக்கு நிம்மதியா கவலையா என்று இன்னும் தெரியவில்லை. வீடு மார்ட்டினின் பெயரில் இருந்தது. அவருக்கு இருதய ஓபரேஷன் நெருங்கியது. ஏதாவது நடந்தால் நான் தெருவில் நிற்கக் கூடாது என்று, ‘உன்னை நேசிப்பதால் பாதி வீடு உனக்கு’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்.

சட்டத்தரணிப் பெண் அதைப் படித்துவிட்டு, பதிலுக்கு நான் என்ன கொடுக்கிறேன் என்று கேட்டார். கைமாறு இல்லாத வாக்கு இங்கே சட்டத்தில் நிற்காதாம். மார்ட்டினின் தாயைக் கடைசிவரை பார்த்துக்கொண்டேன் என்றேன். அது முடிந்துபோன காரியமாம், செல்லாதாம். அன்பும் செல்லாதாம். ஆலங்குடா வீட்டில் ஒரு பங்கைப் பதிலுக்கு எழுதலாமே என்றார் மார்ட்டின், உதவி செய்கிற நினைப்பில்.

“ஏலாது” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டை வாப்பா எனக்கு எழுதியபோது எனக்கு மாப்பிள்ளை பேசக்கூடத் தொடங்கியிருக்கவில்லை. புத்தளத்து நொத்தாரிசு உறுதிப் பத்திரத்தில் எழுதிய காரணம், அன்பும் பாசமும். அவ்வளவுதான். ஆனால் கொடுத்ததை முழுசாகக் கொடுத்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வாப்பா சாவியை என் கையில் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே போய் நின்றார். கடற்காற்றில் அவருடைய சாரம் படபடத்தது.

“மகள், உள்ளுக்கு வரலாமா? இப்ப இது ஒங்கட ஊடு.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “வாங்க வாப்பா” என்றேன். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

இதை அவர்கள் இருவருக்கும் சொல்லி முடித்தபோது நான் அழுதுவிட்டேன். கைமாறே தேவைப்படாத வழியொன்றும் இங்கே உண்டு, சாட்சியின் முன்னால் உறுதிப் பத்திரமாக எழுதிவிட்டால் போதும் என்றார் சட்டத்தரணி. முதலிலேயே சொல்லியிருந்தால் நான் அழாமல் தப்பியிருப்பேன். அப்படியே எழுதினோம்.

ஓபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பிய அன்று நான் பைகளோடு முன்னால் உள்ளே போனேன். திரும்பிப் பார்த்தால் மார்ட்டின் தூறலில் நனைந்தபடி வாசற்படிக்கு வெளியிலேயே நிற்கிறார். உள்ளே வரலாமா என்று அவருடைய மொழியில் கேட்டார்.

“வாங்க” என்று தொடங்கிய என் வாய், “வாப்பா” என்று முடித்துவிட்டது.