பிரேக்கில் வைத்த கால்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒர்க்‌ஷாப் என்றாலே ஆகாது. பருத்தி சீசனில் வண்டியை அருப்புக்கோட்டையில் விட்டால் அது எப்போது வீடு திரும்பும் என்று எவனும் சொல்லமாட்டான் என்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்காகப் பழைய பிக்கப் வண்டியின் பிரேக்கை வீட்டு வாசலிலேயே கழற்றிப் பரப்புவார் என்று நான் நினைக்கவில்லை. அறுபதுகளின் கடைசி அது. எம்.ரெட்டியபட்டிப் பக்கத்தில் எங்கள் ஊரில் நாலு சக்கர வண்டி எங்களிடம் மட்டும்தான் இருந்தது.

முந்தின வாரம் கண்மாய்க்கரைத் திருப்பத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்திருக்கிறது. மிதித்தும் வண்டி நிற்கவில்லை. வேலிக்கருவைக்குள் விட்டு நிறுத்திவிட்டு, முகமெல்லாம் முள் கீறலோடு வந்து நின்றார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வருகிற திங்கட்கிழமை எங்கள் மூத்த மகளை டவுன் ஹாஸ்டலில் கொண்டுபோய் விடவேண்டும். அதே வண்டி, அதே கரை. திருப்பத்தில் ஒரு பக்கம் கண்மாய் வாய் பிளந்து கிடக்கும்.

ஞாயிறு காலையில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தை எடுத்து, டிரம்மைக் கழற்றினால், உள்ளே பிரேக் லைனிங் தேய்ந்து ரிவெட்டு பல்லைக் காட்டியது. புது லைனிங் வாங்கி வைத்திருந்தார். அதை மாட்டியதோடு விட்டிருந்தால் நல்லது. சுத்தம் அவருக்கு ஒரு வியாதி. பிரேக் ஆயில் ஓடும் சிலிண்டர்களையும் பிரித்து, உள்ளிருந்த சின்னச் சின்ன ரப்பர் கிண்ணங்களை மண்ணெண்ணெயில் போட்டு அலசி, என் பழைய சேலைத் துணியால் பளபளவென்று துடைத்து மாட்டினார்.

அப்புறம் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்கவேண்டும். அதற்கு ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். மாமியாரையும் பிள்ளைகளையும் விட்டால் வீட்டில் வேறு ஆள் இல்லை. என்னை டிரைவர் சீட்டில் ஏற்றினார். சக்கரத்துக்கடியில் படுத்துக்கொண்டு, “மிதி” என்பார், மிதிப்பேன். “பிடி” என்பார். அவர் நட்டைத் திருகித் திறந்ததும் ஆயிலும் குமிழியுமாக வெளியே வரும். மூடிவிட்டு “விடு” என்பார். அவர் சொல்வதற்கு முன்னால் நான் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், செய்ததெல்லாம் வீண். காலும் என்னுடையது, பயமும் என்னுடையது; வண்டி மட்டும்தான் அவருடையது.

பொழுது சாயும்போது பெடல் கெட்டியாகிவிட்டது. ராத்திரி அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் மகளின் டிரங்குப் பெட்டியை ஏற்றியாயிற்று. அவளும் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எங்காவது ஆயில் கசிகிறதா என்று பார்க்க என்னை மறுபடி மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். பெடல் உள்ளே போனது. மேலே எழும்பத்தான் மனசில்லாமல் எழும்பியது.

“ஏங்க, பெடலு மெதுவா வருது. நேத்து இப்பிடி இல்ல.”

“புது லைனிங்கு. ரெண்டு நாளைக்கு அப்பிடித்தான் இருக்கும். எதுக்கெடுத்தாலும் பயந்து சாகாத.”

என் மாமியார் சூடம் காட்டி, முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். இவர் கியரைப் போட்டார். வண்டி உறுமியது, உலுக்கியது, அணைந்துவிட்டது. இன்னொரு தடவையும் அப்படித்தான். பழம் நசுங்காமல் வைத்தபடியே இருந்தது.

“என்னப்பா, பழம் நசுங்கலயே,” என்றார் மாமியார். முகம் சுண்டிப்போயிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பிரேக் பிடித்தது விடவில்லை. முறுக்கி எடுத்தால் வண்டி நகரும். நகர்ந்து, கரையில் ஒரு சக்கரம் மட்டும் இறுகிப் பிடித்தால் வண்டியைக் கண்மாய்க்குள் இழுத்துவிடும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவை சாவியைத் திருப்பப் போனார். பிரேக் என்று நான் சொன்னால் பயந்தாங்கொள்ளி. பழம் சொன்னால் சகுனம்.

“ஆமாத்தை, சாமி வேண்டாங்குது. பிள்ளைய எறக்கச் சொல்லுங்க,” என்றேன்.

மாமியார் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். “இன்னைக்கு எடுக்கக் கூடாது. எறங்கு,” என்றார். தாய் சொல்லை அவர் தட்டமாட்டார். மகளைக் கையைப் பிடித்து இறக்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கோபத்தோடு சக்கரத்தைக் கழற்றி, சிலிண்டரைத் திறந்தார். ரப்பர் கிண்ணங்கள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, நகர இடமில்லாமல் இறுகிக் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

“மண்ணெண்ணெய்ல அலசிப்புட்டேன். அது பட்டு ரப்பரு ஊதிப்போச்சு,” என்றார்.

அன்று மகளை பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுவிட்டு, புது ரப்பரோடு திரும்பினார். மண்ணெண்ணெய்ப் பக்கமே போகாமல், பிரேக் ஆயிலிலேயே கழுவி மாட்டினார். மறுநாள் பருத்தி லோடு ஏற்றியதும் என்னைக் கூப்பிட்டார்.

“நீ மிதிச்சுப் பாரு. நீ சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன்.”

எனக்குப் பெருமையாக இருந்திருக்கவேண்டும். பயம்தான் வந்தது. அதுவரை ஏதாவது ஆனால் அது அவர் பிடிவாதம். இனி அது என் வாய்ச்சொல். திரும்பத் திரும்ப மிதித்தேன். பெடல் கெட்டியாக இருந்தது, காலை எடுத்ததும் சட்டென்று எழுந்தது. “சரியா இருக்கு,” என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கரைப் பக்கம் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் என்னை மிதிக்கச் சொல்லாமல் அவர் வண்டியை எடுத்ததில்லை. அந்த வண்டியை விற்கும்வரை நானும் சரி என்றே சொல்லிவந்தேன். அவர் வீடு வந்து சேரும்வரை ஒருநாள்கூட என் வார்த்தையை நான் நம்பவில்லை.