அடுத்த காம்பராவில் பால் குடித்த பிள்ளை

லயத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செல்வி சொன்னாள்: "மிஸ், எம் புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

பதறிப்போனேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. பிள்ளை அதே லயத்து வரிசையில், பக்கத்துக் காம்பராவில், அடுத்த குடும்பத்தின் அறையில்தான் இருந்தது. செல்வியின் கொழுந்தன் மனைவி மேரிக்கும் அதே வாரம் பிரசவம். அவளுக்குப் பால் பெருகி வழிந்தது. செல்வியின் பிள்ளையோ மார்பைக் கவ்வும், கொஞ்சம் இழுக்கும், விட்டுவிட்டு வீரிட்டு அழும். செல்விக்குக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தபோது பிள்ளையின் எடை இறங்கியிருந்தது. மாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேத்தியைத் தூக்கி மேரியிடம் கொடுத்துவிட்டார்.

நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்கும் மருத்துவ மாதுவாக நான் இருந்தபோது நடந்தது இது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

மாமியார் என்னிடம் நியாயம் கேட்டார். "பசிக்கிற புள்ளைக்கு யாரு பாலா இருந்தா என்னங்க மிஸ்? மேரி என்ன வேத்தாளா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் செல்வி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து அவளுக்குத்தான் எல்லாம் லேசா வருது. இப்ப எம் புள்ளையும் அவகிட்டப் பழகிட்டா, எங்கிட்ட வருமா?"

எனக்கு அந்த எரிச்சல் தெரியும். என் மகன் ஒரு நாளும் என்னிடம் ஒழுங்காகக் குடித்ததில்லை, போத்தல் பாலில்தான் வளர்ந்தான். நன்றாகக் குடிக்கும் பிள்ளையைக் கண்டால் அதன் தாய்மேல் எனக்குப் பொறாமை வரும். யூனிபோர்ம் போட்டுக்கொண்டதால் அது போய்விடவில்லை.

பிள்ளையை வாங்கி வந்து, படித்த முறையெல்லாம் செய்தேன். செல்வியின் முதுகுக்குத் தலையணை வைத்தேன். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்ட, மூக்கு காம்புக்கு நேராக இருக்கும்படி பிடிக்கச் சொன்னேன். பிள்ளை நுனியை மட்டும் பிடித்தது. செல்வி வலியில் பல்லைக் கடித்தாள். மறுபடியும் அழுகை.

மேரி எட்டிப் பார்த்தாள். "அக்கா, நான் கொஞ்சம் குடுக்கட்டுமா? பாவம், கத்துதே." நல்ல மனசோடுதான் கேட்டாள். அந்த நல்ல மனசைத்தான் செல்வியால் தாங்க முடியவில்லை. ஆனாலும் பிள்ளையை நீட்டினாள். மேரி அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

"நீ அங்க பாக்காத, திரும்பிக்க" என்றேன் செல்வியிடம். அவள் கேட்கவில்லை. மேரியைப் பார்வையாலேயே எரித்துவிடுபவள்போல உட்கார்ந்திருந்தாள். திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், அவ கையப் பாருங்க. விரிச்சுல்ல வச்சிருக்கா. நான் இப்பிடில்ல வைக்கிறேன்." கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டினாள்.

தோட்டத்தின் அந்த டிவிஷனில் செல்வியைப்போலத் தேயிலைக் கொழுந்து எடுக்க ஆளில்லை. அந்த இரண்டு விரல்களும் தளிரைக் கிள்ளிக் கிள்ளிப் பழகியவை. மார்பையும் அவள் அப்படியே, காம்பை ஒட்டிக் கிள்ளிப் பிடித்திருக்கிறாள். பிள்ளையின் வாய்க்குள் நுனிக்குமேல் போக விரல்களே இடம் விடவில்லை. மேரி பதுளையில் துணிக்கடையில் வேலை செய்தவள், அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் இத்தனை நேரமும் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைக் கண்டது செல்வியின் வயிற்றெரிச்சல்.

"குடு மேரி" என்று செல்வி கையை நீட்டினாள். மேரி உடனே கொடுத்துவிட்டாள்.

"கொழுந்து எடுக்காத செல்வி" என்றேன். "நாலு விரலும் அடியில, கட்டைவிரல் மேல, கறுப்பு வட்டத்தத் தாண்டி வை. புள்ள வாயப் பெருசா தொறக்கட்டும். நீ குனியாத, புள்ளையக் கிட்டக் கொண்டா."

பழக்கத்தில் விரல்கள் மறுபடி மறுபடி கூடின. நான் பிரித்துவிட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு பிள்ளையின் தாடை மார்பில் அழுந்தியது, கீழுதடு வெளியே மடிந்தது. விழுங்கும் சத்தம் கேட்டது.

மாமியார் உள்ளே வந்தார். "போதும், குடு. மிச்சத்த மேரி குடுப்பா."

"வேணாங்க மாமி. அவ எங்கிட்டக் குடிக்கிறா." செல்வி தலையை நிமிர்த்தவில்லை.

நான் கற்றுக்கொண்டது இதுதான். தாயின் கையை முதலில் பாருங்கள். அவள் பொறாமைப்பட்டால் அடக்கச் சொல்லாதீர்கள், பார்க்க விடுங்கள்.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மலை இறங்கி பஸ் ஏறும்வரை செல்விமேல் பொறாமையாக இருந்தது. நான் பிள்ளை பெற்றபோது, பார்த்துப் பொறாமைப்பட அடுத்த காம்பராவில் ஒருத்தியும் இல்லை.