மூச்சு பதினெட்டு

தெற்கு தில்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் நான்காவது மாடியில் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால் யாரும் ஐடி பிரிவுக்குப் போன் செய்வதில்லை. லூசியைத்தான் கூப்பிடுவார்கள்.

லூசிக்கு முப்பத்தொன்பது வயது. தமிழ்நாட்டின் தென்கோடியில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்துக்காரி. நர்ஸிங் முடித்த கையோடு தில்லிக்கு ரயிலேறியவள், பதினேழு வருடமாக இங்கேயே இருக்கிறாள். கணவன் அகஸ்டின் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆஷ்ரம் என்ற பகுதியில் இரண்டாவது மாடியில் இரண்டு அறை வாடகை வீடு.

கம்ப்யூட்டரை அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. ஒரே வேலையை இரண்டு தடவை செய்வது அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனால்கூட, கடைகள் இருக்கும் வரிசைப்படியே செல்போனில் சாமான் பட்டியல் போட்டிருப்பாள். கருவாட்டுக்கும் தேங்காயெண்ணெய்க்கும் ஒருமுறை நடந்தால் போதும், திரும்பி வரக் கூடாது. அந்தக் குணத்தோடு ஒரு கீபோர்டு முன்னால் உட்கார்ந்தவள் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள்.

கண்டுபிடித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளவும் மாட்டாள். தப்பாக அழித்துவிட்டுப் பதறும் நர்ஸிடம் கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தச் சொல்வாள். போனது திரும்பி வந்துவிடும். நூறு பேர் பட்டியலில் ஒரு பெயரைக் கண்ணால் துழாவுகிறவளுக்குக் கண்ட்ரோல் எஃப். எழுத்து பொடியாகத் தெரிகிறதென்று திரையை முட்டிக்கொண்டு உட்காருகிறவளுக்குக் கண்ட்ரோலோடு கூட்டல் குறி. நாற்காலியை விட்டு எழுந்தால் விண்டோஸ் பொத்தானோடு எல் எழுத்தைத் தட்டித் திரையைப் பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் நம் பெயரில் யார் வேண்டுமானாலும் எதையாவது எழுதிவைப்பார்கள் என்பாள். இந்தக் கடைசி விஷயத்தில் அவள் பிடிவாதக்காரி. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடப் பூட்டிவிட்டுத்தான் போவாள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். மணிப்பூர்ப் பெண்களும் மலையாளப் பெண்களும் அரியானாக்காரிகளும் அதைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வருடம் டிசம்பரில் அவள் இன்னொன்றைச் செய்தாள். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை, அப்புறம் ஆள் எப்படி இருக்கிறார் என்று நாலு வரி. அதற்கே முக்கால் மணி நேரம் போய்விடும். லூசி அந்த நாலு வரியை ஒருமுறை நன்றாக எழுதி, கம்ப்யூட்டரில் சேமித்து, ஒரு புள்ளியும் இரண்டு எழுத்தும் தட்டினால் முழுவதும் தானாக வந்து விழும்படி செய்துவிட்டாள். நோயாளி சௌகரியமாக இருக்கிறார், வலி இல்லை, மூச்சு நிமிடத்துக்குப் பதினெட்டு. வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். இதையும் மானிட்டர் பக்கத்துத் தாளில் சேர்த்து எழுதினாள்.

ஆளைப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தட்ட வேண்டும் என்று அவள் தாளில் எழுதவில்லை. நர்ஸுக்குப் போய் அதைச் சொல்ல வேண்டுமா என்று நினைத்தாள்.

முக்கால் மணி நேர வேலை ஏழு நிமிடத்தில் முடிந்தது. நான்காவது மாடிக்கு ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு சான்றிதழ் கொடுத்தது. அதை மாட்டிய மறுமாதமே, நேரம் மிச்சமாகிறதே என்று கணக்குப் போட்டு, ஷிஃப்ட்டுக்கு ஐந்து நர்ஸ் என்பதை நான்காக்கினார்கள். ஜூன் மாதம் அது மூன்றாயிற்று. முப்பத்திரண்டு கட்டில்களுக்கு மூன்று பேர். லூசிக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த ஏழு நிமிடமும் இல்லையென்றால் என்ன கதியாகியிருக்கும் என்றுதான் அப்போது தோன்றியது.

நவம்பர் வந்தது. ஊரையே புகை மூடியது. காலை எட்டு மணிக்கும் எதிர்க்கட்டடம் தெரியவில்லை. ஒரு வாரம் லீவில் இருந்துவிட்டு லூசி வேலைக்குத் திரும்பிய அன்று, பதினான்காவது கட்டிலில் கலியமூர்த்தி இருந்தார். லோதி ரோடு அலுவலகம் ஒன்றில் ஓய்வு பெற்றவர், கும்பகோணத்துக்காரர். குடலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். அவர் மனைவி ராஜாத்தி நடைவழியிலேயே லூசியை மறித்தார்.

"சிஸ்டர், அவரு மூச்சு விடுறதே சரியில்லங்க. நேத்துலேருந்து சொல்றேன். எல்லாரும் கம்ப்யூட்டரப் பாத்துட்டு நார்மலா இருக்குன்னுட்டுப் போறாங்க. யாரும் அவரப் பாக்க மாட்டேங்கிறாங்க."

லூசி முதலில் போனதும் கம்ப்யூட்டருக்குத்தான். அதை அவள் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தாள். மூன்று நாள் குறிப்புகளைத் திறந்தாள். மூச்சு பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. ஒன்பது ஷிஃப்ட்டிலும் அதே பதினெட்டு. ஒன்பதிலும் அவர் சௌகரியமாக இருந்தார்.

ரத்த அழுத்தத்தையும் நாடியையும் மெஷின் அளந்துவிடும். மூச்சை மனுஷிதான் எண்ண வேண்டும். கட்டிலருகே நின்று, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்க்க வேண்டும். லூசி போய் நின்றாள். கலியமூர்த்தியின் கண்கள் பாதி மூடியிருந்தன. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டது. அவள் எண்ணி முடித்தபோது முப்பத்தாறு.

அரை மணி நேரத்தில் அவரை ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். தையல் ஓரிடத்தில் விட்டுப்போய், வயிற்றுக்குள் சீழ் பிடித்திருந்தது. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதை ராஜாத்தி அன்று முழுதும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். லூசியின் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது லூசிக்கு.

முந்தின மூன்று நாளும் அந்தக் கட்டிலைப் பார்த்தவர்களில் ஜெனிஃபரும் ஒருத்தி. குளச்சல்காரி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். லூசி அவளைத் துணி அடுக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள். ஜெனிஃபர் மறைக்கவில்லை.

"பதினோரு பேருக்கு மூச்சு எண்ண எங்கக்கா நேரம்? நீங்க சொல்லித் தந்ததுதானே. எல்லாரும் அதத்தானே செய்யுதோம்."

அவள் குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை. நடப்பதைச் சொன்னாள்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் லூசி மற்றக் கட்டில்களின் குறிப்புகளைத் திறந்து பார்த்தாள். முப்பத்திரண்டு பேரில் முப்பது பேருக்கு மூச்சு பதினெட்டு. ஆஸ்துமாக்காரருக்கும் பதினெட்டு, எண்பது வயதுக் கிழவருக்கும் பதினெட்டு. ஜன்னலுக்கு வெளியே ஊரே இருமிக்கொண்டிருந்தது. இங்கே எல்லாரும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அவள் ஐடி பிரிவுக்கு இறங்கிப்போனாள். அங்கே பிரதீப் இருந்தான். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், தமிழ் பேசுவான், எழுத்து தெரியாது. அந்த நாலு வரி இதுவரை எத்தனை தடவை ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க முடியுமா என்று கேட்டாள். அதிலேயே இருக்கிற, வேறு யாரும் எழுதமாட்டாத ஒரு வார்த்தை கிடைத்தால் சுலபம் என்றான் அவன். அப்படியொன்று இருந்தது. 'கம்ஃபர்டபிள்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை லூசி எப்போதும் மாற்றித்தான் அடிப்பாள். அந்தத் தப்போடுதான் நாலு வரியும் சேமிக்கப்பட்டிருந்தது.

தேடல் ஓடி முடிய வெகுநேரம் ஆயிற்று. பிரதீப் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"அக்கா, நாப்பத்தாறாயிரத்துச் சொச்சம் வருது. ஆறு ஃப்ளோர்லயும் இருக்கு. குர்காவ்ன் பிராஞ்ச்லகூட இருக்கு."

லூசி குர்காவ்ன் கிளையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவளுடைய எழுத்துப்பிழை அங்கே போய் நோயாளிகளைச் சௌகரியமாக வைத்திருந்தது. அத்தனையில் எத்தனை பார்த்து எழுதியது, எத்தனை பாராமல் ஒட்டியது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இறந்துபோனவர்களின் பட்டியலையும் அதோடு சேர்த்துப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். பிரதீப் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

இறப்புக்கு முந்தைய ஆறு மணி நேரத்துக்குள் அந்த நாலு வரி ஒட்டப்பட்டிருந்தவர்கள் என்று பதினேழு பேர் வந்தார்கள். பதினோராவது பெயரில் அவள் கண் நின்றது. பவுனு. ஒன்பதாவது கட்டில், ஆகஸ்ட் மாதம். வீட்டு வேலை செய்து பிழைத்த தமிழ்ப் பெண், ஐம்பத்திரண்டு வயது. வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். வெயில் முகத்தில் அடிக்கிறது, திரையை இழுத்துவிடு தாயி என்று தமிழில் கேட்டதால் லூசிக்கு ஞாபகம் இருந்தது. அன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்குப் பவுனு இறந்தாள். இரண்டு பத்துக்கு அவளைப் பற்றி எழுதப்பட்டிருந்தது. சௌகரியமாக இருக்கிறார், மூச்சு பதினெட்டு. எழுதியவர் லூசி.

அதே இரண்டு பத்துக்கு, அதே ஒரு நிமிடத்துக்குள், லூசியின் பெயரில் பதினோரு பேருக்குக் குறிப்பு எழுதப்பட்டிருந்தது.

பிரதீப் திரையைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்தான். உங்கள் லாகின் திறந்திருந்தபோது வேறு யாராவது போட்டிருக்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப்பார்த்தான்.

"நான் எழுந்தா பூட்டிட்டுத்தான் போவேன்" என்றாள் லூசி.

அவள் அந்த மத்தியானத்தை நினைவில் தேடினாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டது நினைவிருந்தது. அது காலையிலா, மதியத்திலா, அதற்கு முந்தின நாளா என்று தெரியவில்லை. இரண்டு மணிக்கு அந்தக் கட்டிலருகே நின்றாளா? நின்றதுபோலவும் இருந்தது. நிற்காததுபோலவும் இருந்தது. கட்டாயம் பார்த்திருப்பேன் என்று தனக்குத்தானே சொன்னாள். அப்படியானால் மற்றப் பத்துப் பேர்?

நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பவுனுவுக்கு இருதயம் ஏற்கெனவே பலவீனம், இறப்புகளை ஆராயும் குழு கூடி விசாரித்துக் கோப்பை மூடியாகிவிட்டது, குறிப்புகளில் ஒரு குறையும் இல்லை என்றார். குறிப்புகள்தான் குறை என்று லூசி சொன்னாள். அவர் பேச்சை மாற்றி, பிப்ரவரியில் எல்லாக் கிளைகளுக்கும் பயிற்சி கொடுக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது, உன் பெயரைத்தான் நினைத்திருக்கிறோம் என்றார்.

லூசி வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். அகஸ்டின் எதிரில் உட்கார்ந்து மாணவர்களின் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வேலை போய்விடுமே என்று மட்டும் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தாள். அந்த நாலு வரியை உருவாக்கியது நான், மற்றவர்களுக்குக் கொடுத்ததும் நான், இன்ன தேதியில் இன்ன நேரத்தில் பாராமல் நானே ஒட்டியிருக்கக்கூடும் என்று. இரண்டு பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டு மறுநாள் கொடுத்தாள். ரசீது கேட்டு வாங்கிக்கொண்டாள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. அந்த நாலு வரியை நீக்கினார்கள். ஜெனிஃபரை நொய்டா கிளைக்கு மாற்றினார்கள். போகுமுன் அவள் லூசியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. லூசியைத் தடுப்பூசி போடும் அறைக்கு அனுப்பினார்கள். ஷிஃப்ட்டுக்கு மூன்று பேர் என்பது மட்டும் மாறவில்லை. ஜனவரியில் மென்பொருள் கம்பெனியே புதிதாக ஒரு வசதியைக் கொண்டுவந்தது. கடைசியாக எழுதிய எண்களை அது தானாகவே அடுத்த ஷிஃப்ட்டுக்கு நிரப்பிவிடுமாம், யாரும் ஒரு பொத்தானைக்கூடத் தட்ட வேண்டாமாம். பிரதீப் போனில் இதைச் சொன்னபோது அவன் குரல் தாழ்ந்திருந்தது. கலியமூர்த்தி பன்னிரண்டு நாள் ஐசியூவில் கிடந்து எழுந்து வீட்டுக்குப் போனார். ராஜாத்தி ஒரு டப்பா அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார்.

பவுனுவின் முகவரியை லூசி ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நேராக அங்கே போனாள். அந்தக் குடிசைப் பகுதியே இல்லை. இடித்துச் சமப்படுத்தி வேலி போட்டிருந்தார்கள். இருந்தவர்களைத் தில்லியின் வடக்குக் கோடியில் நரேலாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அடுத்த ஞாயிறு மெட்ரோவும் பஸ்ஸும் மாறி நரேலா போய், நாலு பேரிடம் விசாரித்து, மூன்றாவது மாடியில் ஒரு கதவைத் தட்டினாள். பவுனுவின் மகள் திறந்தாள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் கைக்குழந்தை.

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் அந்தப் பெண் உள்ளே கூப்பிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவளிடம் ஒரே கேள்விதான் இருந்தது. ஐந்து மாதமாக அதைக் கேட்க ஆள் கிடைக்காமல் இருந்தவளைப் போலக் கேட்டாள்.

"நான் வேலைக்குப் போயிருந்தேன். வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கடைசியில அம்மா எப்புடி இருந்துச்சு?"

கம்ப்யூட்டரில் இருந்த பதில் லூசிக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"தெரியல" என்றாள். "நல்லா இருக்காங்கன்னு நான்தான் எழுதியிருக்கேன். ஆனா போய்ப் பாத்துட்டு எழுதினேனான்னு எனக்கே தெரியல."

அந்தப் பெண் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு உள்ளே போய், மூத்த பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"இப்ப சொன்னத இதுல எழுதிக் குடுங்க. போன் நம்பரும் போடுங்க."

லூசி எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, தாளைக் கிழித்து மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். டீ போடட்டுமா என்று கேட்கவில்லை. லூசியும் எழுந்துவிட்டாள்.

மூன்று மாதம் ஆகிறது. நரேலாவிலிருந்து இதுவரை யாரும் கூப்பிடவில்லை. தெரியாத நம்பர் எது வந்தாலும் லூசி முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள்.