கல்யாணக் கார்டுக்கு ஒரு பொட்டு

மாத்தளை டவுனில் ஓர் அச்சகத்தில் கார்டு வடிவமைப்பதுதான் என் வேலை. வருஷம் முழுக்க அதே வாழைமரம், அதே நாதஸ்வரம், அதே பிள்ளையார். அலுத்துப்போயிருந்தேன். தங்கச்சியின் கல்யாணக் கார்டையாவது வேறு யாரிடமும் இல்லாத மாதிரி செய்ய வேண்டுமென்று மெனக்கெட்டேன்.

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் இணையதளத்தில் பழைய ஓவியம் ஒன்று கிடைத்தது. தூணில் சாய்ந்து நிற்கும் தமிழ்ப் பெண், அத்தனை அழகு. வரைந்தவர் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது, உரிமை கேட்க ஆளில்லை, யாரும் எடுக்கலாம், எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அங்கேயே எழுதியிருந்தது. அவளுடைய வெள்ளைச் சேலைக்குத் தங்க எழுத்து எடுப்பாக இருந்தது. சுற்றிலும் நம்ம ஊர் மிளகுக் கொடியைப் படரவிட்டேன். என் கைக்கு நானே முத்தம் கொடுக்காத குறைதான்.

லெப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மாவின் முகம் வெளிறிப்போனது.

“அட பாவி! தாலியறுத்தவ படத்தையாடா நல்ல காரியத்துக்குப் போட்டிருக்க?”

அப்போதுதான் பார்த்தேன். நெற்றியில் பொட்டில்லை. கழுத்தில் தாலியில்லை. கையில் ஒரு வளையல்கூட இல்லை. அந்த முகத்தை நாள்கணக்கில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வேலை செய்தவன் நான்.

அதைவிடத் தூக்கிவாரிப்போட்டது இன்னொன்று. அம்மா அந்த வார்த்தையைச் சொன்னபோது அக்கா பக்கத்திலேயே நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அத்தான் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டியவர். போன வருஷம் விபத்தில் போய்விட்டார். கல்யாணத்தன்று அடுப்படியிலேயே இருந்துகொள்வதாக அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். மணவறைப் பக்கம் வா என்று நாங்களும் கூப்பிடவில்லை.

“அக்கா நிக்கிறாம்மா” என்று பல்லைக் கடித்தேன்.

“நின்னா என்ன? அவளுக்குத் தெரியாததா? கொம்பியூட்டர்லதானே செஞ்ச, ஒரு பொட்ட வச்சு விடு. யாரு கேக்கப்போறாங்க?”

கேட்க யாரும் இல்லைதான். குங்கும நிறத்தைத் தேர்ந்தெடுத்து அந்த நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினேன். வட்டமாக, சிவப்பாக விழுந்தது.

“இப்பதான் லட்சணமா இருக்கா. இனி தாராளமா நாலு பேருக்குக் குடுக்கலாம்” என்றாள் அம்மா. அவள் குரலில் அப்படியொரு நிம்மதி.

அக்கா என் பின்னால் வந்து நின்று படத்தையே பார்த்தாள்.

“இவ்வளவுதானா, தம்பி?” என்றாள்.

அம்மாவுக்கும் எனக்கும் அவள் நெற்றியை நிமிர்ந்து பார்க்கத் துணிவு வரவில்லை.