அண்ணனுக்காகப் போன மூச்சுச் சோதனை

என் நோயின் முதல் அறிகுறியைக் கண்டுபிடித்தது நானில்லை, என் அண்ணன் சேவியர். அதுவும் கேலி செய்வதற்காக. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகள் போகத் தடை போட்ட பிறகு நாங்கள் இருவரும் நடக்கப் போவது வழக்கம். இரண்டு வருடங்களாக நான் பின்தங்கிக்கொண்டே வந்தேன். "ஆமை வருது, வழி விடுங்க" என்று எதிரே வருகிறவர்களிடம் சொல்லுவான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, கொஞ்சம் பருமன். நானும் சேர்ந்து சிரித்தேன். மூச்சு வாங்கியதில் அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. அண்ணன் குடும்பம் கீழே, கல்யாணம் செய்துகொள்ளாத நான் மாடியில். நான்காம் வகுப்பு ஆசிரியை. பதிவேட்டுப் பெயர்களை மளமளவென்று வாசித்துக்கொண்டிருந்தவள், நடுவில் இரண்டு முறை நிறுத்த ஆரம்பித்தேன். ஒரு டாக்டர், மாதவிடாய் நிற்கிற வயது, எடையைக் குறையுங்கள் என்றார். இன்னொருவர் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். நான் சிகரெட்டைத் தொட்டவளில்லை என்பதால் அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

என் கவலையெல்லாம் அண்ணனைப் பற்றித்தான். பத்தொன்பது வயதிலிருந்து அவனுக்கு சிகரெட். காலையில் அவன் இருமினால் பக்கத்து வீட்டில் விளக்கு எரியும். எங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பிடித்துப் பிடித்தே நுரையீரல் கெட்டுப் போனவர்கள். நச்சரித்து, மீன் குழம்பு கிடையாது என்று மிரட்டி, ஒரு நாள் லீவு போட்டு அவனை எங்கள் ஊரிலேயே கதிர்காமம் பகுதியில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன்.

அங்கே ஸ்பைரோமெட்ரி (மூச்சை முழுக்க இழுத்து, ஒரு குழாயில் பலமாக ஊதி, நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) எடுக்கச் சொன்னார்கள். மூக்கில் கிளிப் மாட்டியதுமே அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டோரம் காற்று கசிந்து ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டு மறுபடியும் சிரிப்பான். மூன்று முறை வீணாயிற்று. எனக்கு என் வகுப்பறையில் நிற்பது போலவே இருந்தது.

"தள்ளு. இது கூட ஒழுங்கா செய்ய மாட்டியா? நான் ஊதிக் காட்டறேன், பாத்துக்கோ."

"காட்டட்டும் மேடம், டீச்சராச்சே" என்று சோதனை எடுக்கும் டெக்னீஷியன் பெண்ணிடம் சொன்னான்.

அவளும் சிரித்துக்கொண்டே குழாயில் புது மவுத்பீஸ் மாட்டினாள். ஊதினேன். "விடாதீங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்றாள். நானும் விடாமல்தான் ஊதினேன். திரையில் கோடு சற்றே ஏறிவிட்டு, அதற்கு மேல் போகாமல் சோம்பிக் கிடந்தது. இன்னொரு முறை ஊதச் சொன்னாள். பிறகு மூன்றாவது முறை. அதற்குள் அவள் சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, நீங்களும் ஒரு சீட்டு போட்டுட்டு வாங்க."

என் பெயருக்குச் சீட்டு போட வரிசையில் நின்றது அண்ணன்தான்.

ஸ்கேன், மருந்து கொடுத்து மறுபடியும் ஊதுவது என்று எல்லாம் முடிய ஒரு வாரம் ஆனது. அண்ணனுக்கு லேசான பாதிப்பு. சிகரெட்டை இன்றே விட்டால் சமாளிக்கலாம் என்றார்கள். எனக்கு சிஓபிடி (மூச்சுக் குழாய்கள் குறுகி, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர முடியாத நாள்பட்ட நோய்), நடுத்தரத்தைத் தாண்டிய நிலை.

டாக்டர் என் பழைய மாணவிகளின் வயதுப் பெண். "வீட்டுல வேற யாருக்கு மூச்சுக் கோளாறு?" என்று கேட்டார். அப்பா, சித்தப்பா என்றேன்.

"பொம்பளைங்க?"

"இல்ல டாக்டர்."

பின்னாலிருந்து அண்ணன், "செலின், மதலேன் அத்தை இருந்தாங்களே" என்றான்.

மதலேன் அத்தை அப்பாவின் தங்கை. மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தே தூங்குவார். மாடிப்படி ஏறமாட்டார். கோயிலில் பாட்டுக்கு எழுந்து நிற்கமாட்டார். சிகரெட் பிடித்தவரும் இல்லை. வேலைக்குப் பயந்து நடிக்கிறார் என்று சாகும்வரை அவரைப் பேசிக்கொண்டிருந்தோம். டாக்டரிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"பரம்பரையா வர்ற ஆபத்து உங்க ரெண்டு பேருக்கும் இருக்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா அது ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே மாதிரி வேலை செய்யறதில்லைன்னு ஆராய்ச்சிங்கள்ல தெரிய வருது. சில பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் புகையே போதுமா இருக்குது. ஏன்னு முழுசா தெரியல. உங்களுக்கும் அதுதான்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன்." ரத்தப் பரிசோதனை ஒன்றும் எடுத்தார் (நுரையீரலைக் காக்கும் ஒரு புரதம் பரம்பரையாகவே குறைவா என்று பார்ப்பது). அதில் குறையில்லை. ஒரே ஒரு மரபணுவைக் குற்றம் சொல்ல முடியாது, சின்னச் சின்னதாகப் பல சேர்ந்திருக்கலாம் என்றார்.

"நான்தான் புகையே பிடிக்கலையே?"

"பக்கத்துல பிடிச்சிருப்பாங்க இல்ல?"

அண்ணனுக்கு ஒரு மரியாதை உண்டு, வீட்டுக்குள் பிடிக்கமாட்டான். பின்கட்டில் துவைக்கிற கல்லருகே நின்றுதான் பிடிப்பான். அதற்கு நேர் மேலே என் சமையலறை ஜன்னல். அன்று சாயங்காலம் அந்தக் கல்லருகே நின்று மேலே பார்த்தான். நான் ஜன்னலில் நின்றிருந்தேன்.

"அந்த ஜன்னல் எப்பவும் தொறந்தா இருக்கும்?"

"காத்து வரணும்ல."

அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தைந்து வருடம் பிடித்தவனுக்கு லேசாக, எனக்கு இப்படியா? இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்கும் இந்தக் கோபம் வரலாம். வந்தால் வரட்டும். பத்து நாள் அவனோடு பேசாமல் குழம்பு மட்டும் கொடுத்தனுப்பினேன். சிகரெட் வாசனை வராததைக் கவனித்தும் கேட்கவில்லை.

குழம்பை வாங்கிப் போக வருகிறவள் அண்ணன் மகள் ரீட்டா. இருபது வயது. எட்டாம் வகுப்பிலிருந்து அந்த ஜன்னலடி மேசையில்தான் அவள் படிப்பு. பதினோராவது நாள் அவள் புத்தகத்தை விரித்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். கோபமெல்லாம் பயமாகிவிட்டது. நிதானமாக, படிக்குப் படி நின்று, கீழே இறங்கிப் போனேன்.

"ரீட்டாவைக் கூட்டிட்டுப் போவணும்ணா."

"நேத்தே கேட்டு வந்துட்டேன். நாளைக்கு வரச் சொல்லிக்கிறாங்க."

மறுநாள் டாக்டர் ரீட்டாவிடம், வீட்டில் யாருக்கு மூச்சுக் கோளாறு என்று அதே கேள்வியைக் கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டான். "என் தங்கச்சிக்கு இருக்குது. எங்க மதலேன் அத்தைக்கு இருந்துது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க அப்பாவுக்கும்" என்றான்.

ரீட்டா குழாயை வாயில் வைத்தாள். அவள் ஊத ஆரம்பித்தபோது நானும் என்னை அறியாமல் கூடவே மூச்சை விட்டேன். என்னுடையது ஒரு நொடியில் முட்டிக்கொண்டது. அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். கோடு ஏறிக்கொண்டே போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு ஒன்றுமில்லை, புகைப் பக்கமே போகாமல் வருடத்துக்கு ஒரு முறை வந்து ஊதினால் போதும் என்றார்கள்.

எனக்கு இன்ஹேலர் (மருந்தை மூச்சோடு உறிஞ்சும் சிறு கருவி), தடுப்பூசி, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடும் பயிற்சி. கெட்டுப்போனது திரும்ப வராது. இருப்பதை வைத்து நிதானமாக வாழலாம். பதிவேட்டை இப்போது மூன்று நிறுத்தங்களில் வாசிக்கிறேன். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

கடற்கரைக்கும் போகிறோம். பழைய கலங்கரை விளக்கம் வரை எத்தனை நிமிடம் என்று நான் பார்ப்பதில்லை, அங்கங்கே உட்கார்ந்துவிடுகிறேன். ஐம்பது அடிக்கு ஒரு முறை அண்ணன் குனிந்து செருப்பின் பின்வாரைச் சரிசெய்கிறான். அவன் போட்டிருப்பது பின்வாரே இல்லாத செருப்பு.

ஒரு நாள், "என்னை ஆமைன்னு சொல்லி எத்தினி நாளாச்சு?" என்று கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த ஒரு குடும்பத்திடம் சத்தமாகச் சொன்னான்:

"ரெண்டு ஆமை வருது. வழி விடுங்க."